ஒன்பதாவது மோதிரம்

தில்லைநாயகி ஏறினால் லிஃப்டில் நிற்கிற அதிகாரிகள் இறங்கிவிடுவார்கள். மரியாதையாகத்தான் இறங்குவார்கள். ஒருவர் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். இன்னொருவர் மறந்துபோன எதையோ நினைத்துக்கொண்டவர்போல நெற்றியைத் தட்டிக்கொள்வார். கேன்டீனில் அவளுக்கும் அவளோடு வேலை பார்த்த ஜெசிந்தாவுக்கும் ஜன்னலோரமாகத் தனி மேசை. தட்டும் டம்ளரும்கூடத் தனி அலமாரியில் இருந்தன. ஒரு வருடம் தேர்த் திருவிழாவில் அவள் வடம் பிடிக்கக் கை நீட்டினாள். முன்னால் இழுத்துக்கொண்டிருந்த உற்பத்திப் பிரிவு மேலாளர் யாரென்று திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் வடத்தையும் சாமியையும் அப்படியே விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் மறைந்துபோனார்.

அவள் எந்தக் குற்றமும் செய்தவளில்லை. அந்த அமிலத் தொழிற்சாலையில் வாசிப்பாளராக இருந்தாள், அவ்வளவுதான்.

சாட்சி மோதிரம் வந்த புதிதில் ஊரே கொண்டாடியது. ஒரு நிறுவனத்தில் கையெழுத்து அதிகாரம் உள்ள ஒவ்வொருவரும் அதை அணிய வேண்டும், குளிக்க மட்டும் கழற்றலாம் என்பது சட்டம். அணிந்தவர் எதையாவது படித்தோ கேட்டோ உள்ளுக்குள் திடுக்கிட்டால் நாடி காட்டிக்கொடுத்துவிடும். மோதிரத்தின் பச்சைப் புள்ளி சிவக்கும். எந்தச் சொல்லுக்குத் திடுக்கிட்டாரோ அந்தச் சொல் உள்ளே பூட்டிக்கொள்ளும். அரசு அலுவலர் வந்து திறந்து பார்க்கும்வரை சிவப்பு மாறாது. “எனக்கு எதுவும் தெரியாது” என்று இனிமேல் எந்தப் பெரிய மனிதரும் கோர்ட்டில் நின்று சொல்ல முடியாது என்று பத்திரிகைகள் எழுதின. முதல் இரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் பலர் உள்ளே போனார்கள்.

மூன்றாம் வருடம் நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. அறிக்கையை அதிகாரி படித்தால்தானே திடுக்கிடுவார்? படிப்பதற்கென்றே மோதிரம் இல்லாத ஒரு ஆளை வைத்தார்கள். ஆய்வு அறிக்கை, புகார், எச்சரிக்கை எதுவானாலும் அது நேராக வாசிப்பறைக்குப் போகும். வாசிப்பாளர் எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, ‘வாசிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்துவார். மேலுறையில் முத்திரைக்குக் கீழே அதிகாரி கையெழுத்திடுவார். நிறுவனம் படித்தாகிவிட்டது. யாரும் அறியவில்லை.

“அப்போ தெரிஞ்சவங்களுக்கு அதிகாரம் கெடையாது, அதிகாரம் இருக்கறவங்களுக்குத் தெரியாது. நல்லா இருக்கு அண்ணி உங்க உத்தியோகம்” என்பான் அபுபக்கர். அவன் தில்லைநாயகியின் கணவன் தெய்வசிகாமணியோடு, நாலாம் தொட்டிக்கு அடியில் லாரியில் அமிலம் ஏற்றும் பிரிவில் இருந்தான். பதின்மூன்று பேர் கொண்ட குழு அது. சிகாமணி அதற்குத் தலைவன்.

“என்னைக் கண்டு ஓடாத ஆளுங்க நீங்கதான் அபு” என்பாள் அவள்.

“எங்களுக்கு மோதிரமே இல்லியே அண்ணி. மச்சான் கல்யாணத்துல போட்டதுகூட அடகுல கெடக்குது. எதுக்கு ஓடணும்?”

சிகாமணிக்கு மனைவியைப் பற்றி உள்ளூரப் பெருமை. அவன் பத்தாவதோடு நின்றவன். அவள் பண்டகப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் சமூகவியல் எம்.ஏ. முடித்தவள். நூறு பக்க அறிக்கையைக் காபி ஆறுவதற்குள் படித்துவிடுவாள். படித்ததில் ஒரு எண்ணைக்கூட மறக்கமாட்டாள். அதனால்தான் அவளை வாசிப்பறைக்கு மாற்றினார்கள். மற்ற வாசிப்பாளர்கள் ஏஜென்சி மூலம் வந்து ஒரு வருடத்தில் தாங்காமல் ஓடிப்போனார்கள். அவள் ஏழு வருடம் இருந்தாள்.

அந்த ஏழாவது வருடம், மாசி மாதத்தில், அவள் சாப்பாடு குறைந்தது.

“லோடிங்க விட்டு வேற எடத்துக்கு மாத்தல் கேளுங்க” என்றாள் ஒருநாள், குழம்பை ஊற்றிக்கொண்டே.

“எதுக்கு?”

“கேளுங்கன்னா கேளுங்க.”

சிகாமணி தட்டைத் தள்ளி வைத்தான். வாசித்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தாள். ஏழு வருடத்தில் ஒரு வார்த்தை வீட்டுக்கு வந்ததில்லை. அப்படிப்பட்டவள் இப்படிச் சொன்னால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு.

“என் தலைக்கு மேல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா தில்லை? நாலாம் தொட்டியா?”

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

“சரி, நான் மாறிடறேன். அபுபக்கர் பொண்டாட்டிகிட்ட யாரு சொல்றது? புதுசாச் சேர்ந்தானே அருமைநாதன், அவன் அம்மாகிட்ட?”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “இதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும். அதான் ஒரு வாரமாச் சொல்லல.” பிறகு சொன்னாள். தொட்டியின் சுவரை அமிலம் உள்ளேயிருந்து தின்றுகொண்டிருக்கிறது. வருடா வருடம் அளக்கிறார்கள். வருடா வருடம் அவள் முத்திரை குத்துகிறாள், அவர்கள் கையெழுத்திடுகிறார்கள். இந்த வருடம் வந்த அளவைப் பார்த்தால் அடுத்த மழைக்காலம்வரை தாங்குமா என்பதே சந்தேகம்.

“தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுது.”

“அங்கயும் மோதிரம் போட்டாச்சுங்க. அங்கயும் வாசிப்பறை வச்சாச்சு. நான் எழுதறதை என்னை மாதிரி ஒருத்தி படிச்சு முத்திரை குத்துவா. பாவம், அவளும் ஒரு வாரம் சாப்பிடமாட்டா.”

“நாங்க வேலைக்குப் போகல. அவ்வளவுதான்.”

“காரணம் கேப்பாங்க. வாசிப்பாளர் சொன்னதுன்னா கேள்விப்பட்டதுன்னுதான் சட்டத்துல கணக்கு. மறுநாள் வேற பதின்மூணு பேரைக் கொண்டாந்து நிறுத்துவாங்க. அவங்களும் மனுசங்கதானே?”

சிகாமணிக்கு ஆத்திரம் பொங்கியது. “இளம்பரிதி சார் நல்லவராச்சே! அபு மக கல்யாணத்துல பந்தியில நின்னு பரிமாறினாரு. ஒரு டீக்குக்கூடக் கை நீட்டாத மனுசன். அவரு இதுக்குச் சம்மதிப்பாரா?”

இளம்பரிதி ஆலையின் தலைமை மேலாளர். சிகாமணி சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

“நல்லவருதான். எல்லாரும் நல்லவங்கதான்” என்றாள் தில்லைநாயகி. “கன்னம் வெச்சுத் திருடறவனுக்குத் தான் திருடன்னு தெரியும். போலீசைக் கண்டா ஒளிவான். இது அந்த மாதிரி இல்லைங்க. வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு ‘இதை இப்படித்தான் எழுதணும், இதை மேல அனுப்பக்கூடாது’ன்னு மூத்தவங்க சொல்லித் தருவாங்கல்ல? சட்டைக்கு இஸ்திரி போடக் கத்துக்கற மாதிரி கத்துக்கறது. ஆளுக்கு ஒரு செங்கல் எடுத்து வெக்கறாங்க. சமாதி கட்டினது யாருன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. நானும் ஏழு செங்கல் வெச்சிருக்கேன். முத்திரை குத்தினவ நான்தானே?”

அன்றைக்கு அவன் அவளைத் தேற்ற முயன்றான். முடியவில்லை. மறுநாள் வேலைக்குப் போய் நாலாம் தொட்டியின் அடியில் நின்றபோது, இருபது வருடத்தில் முதல்முறையாக அண்ணாந்து பார்த்தான். சாம்பல் வண்ணம் பூசி, பாதுகாப்பு வாசகம் எழுதி, அழகாகத்தான் இருந்தது.

நான்கு நாள் கழித்து அவள் விருப்ப ஓய்வுக்கு எழுதிக்கொடுத்தாள்.

“வேலையை விட்டுட்டா எப்படித் தடுக்கறது?” என்று கேட்டான் சிகாமணி.

“இருபத்தொரு வருஷ சர்வீஸ் எனக்கு. இருபது தாண்டினவங்களுக்கு என்ன செய்வாங்க?”

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

பணி நிறைவு விழா நடத்தாமல் அந்த ஆலையில் ஒரு தோட்டக்காரர்கூட ஓய்வு பெற்றதில்லை. மேடை, மாலை, பொன்னாடை, ஒன்பது அதிகாரிகளும் வரிசையாக உட்காருவது, வாழ்த்துரை, கடைசியில் ஓய்வு பெறுபவரின் ஏற்புரை, அப்புறம் மிக்சர், லட்டு, காபி. எவன் எந்தக் காலத்தில் எழுதிய விதியோ, நலப்பிரிவின் பட்டியலில் அது தானாகவே ஏறிவிடும். நிரந்தரப் பணியில் இருந்து ஓய்வு பெறும் முதல் வாசிப்பாளர் தில்லைநாயகிதான் என்பதை எவரும் யோசிக்கவில்லை. ஏழு வருடமாக அவளைப் பார்க்காமலே இருந்து பழகியவர்களுக்கு, அவளுக்கு ஒரு வாய் உண்டு என்பது எப்படி நினைவுக்கு வரும்?

விழா மாலை நான்கு மணிக்குக் கேன்டீன் கூடத்தில். முந்நூறு பேர். மேடையில் ஒன்பது நாற்காலி, ஒன்பது பேர், ஒன்பது பச்சைப் புள்ளி. இளம்பரிதி பொன்னாடை போர்த்தினார். உதட்டைத் திறக்காமல் புன்னகைத்துக் கைகூப்பினார். நலப்பிரிவு அலுவலர் ஒவ்வொருவராக அழைத்தார். தில்லைநாயகி அடக்கமானவர், அமைதியானவர், அதிர்ந்து பேசாதவர் என்று எல்லோரும் பேசினார்கள்.

“அடுத்ததாக, ஏற்புரை” என்றார் அலுவலர், பழக்க தோஷத்தில். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதற்குள் அவள் ஒலிவாங்கி முன்னால் நின்றாள். இடுப்பில் சொருகியிருந்த தாளை எடுத்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம். இந்த ஏழு வருஷத்துல பெரியவங்க யாரும் என்கிட்ட பேசினதில்ல. அதனால எனக்கும் பேசிப் பழக்கம் விட்டுப்போச்சு. வாசிக்கத்தான் தெரியும். அதையே செஞ்சிட்டு எறங்கிடறேன்.”

கூட்டத்தில் சிரிப்பு. மேடையில் ஒருவர் எழுந்தார். எழுந்தவர் எங்கே போவார்? பொன்னாடை போர்த்திய பெண் பேசும்போது முந்நூறு பேர் முன்னால் எழுந்து போக அந்த மேடையில் யாருக்கும் முகம் இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

“நான்காம் தொட்டி” என்று ஏற்ற இறக்கமில்லாமல் அவள் வாசித்தாள். “கட்டியபோது சுவரின் கனம் பன்னிரண்டு மில்லிமீட்டர். குறைந்தது இருக்க வேண்டியது ஆறு. சென்ற மாத அளவு, தெற்குப் பக்கம், கீழ் வரிசை: மூன்று புள்ளி ஒன்று.”

“நேரமாச்சு, காபி ஆறுது” என்றது மேடையில் ஒரு குரல். ஒருவன் ஒலிபெருக்கியை நிறுத்த ஓடினான். மின்சாரப் பலகைக்கு முன்னால் அபுபக்கர் நாற்காலியைப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“எந்திரிய்யா!”

“மூட்டு வலிங்க. ஆள் வந்து தூக்கணும்.”

“தொட்டியின் அடியில் பணிபுரிவோர் பதின்மூன்று பேர்” என்று அவள் தொடர்ந்தாள். “அபுபக்கர். அருமைநாதன். கலியபெருமாள். வேதரத்தினம்…” ஒவ்வொரு பெயராக வாசித்தாள். பெயர் வந்தவன் ஒவ்வொருவனும் எங்கே இருந்தானோ அங்கேயே எழுந்து நின்றான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதின்மூன்றாவதாக, “தெய்வசிகாமணி” என்றாள். அவன் பெயரை அவள் வாயால் சொல்லிக் கேட்டது அதுதான் முதல்முறை. அவன் எழுந்து நின்றான். கண் நிறைந்து எதிரே எதுவும் தெரியவில்லை. அந்த நீர்த்திரைக்கு அப்பால் மேடையில் பச்சைகள் சிவப்பாக மாறுவது மட்டும் தெரிந்தது.

“வாசித்து முடித்தேன்” என்றாள் தில்லைநாயகி. “இனி உங்களுக்குத் தெரியும்.”

அன்று மாலை ஆறு மணிக்கு முன்பே தொட்டியை வடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அறிந்தவர்கள் ஒரு மணி நேரம் சும்மா இருந்தாலும் சிறை. மூன்று நாளில் காலியானது. கழுவி முடித்துச் சோதிக்க வந்த ஆள் தெற்குப் பக்கம் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான். தகடு அப்பளம்போல உள்ளே விழுந்தது. அந்தச் செய்தியை அபுபக்கர் வீட்டு வாசலில் நின்றே கத்திச் சொன்னான்.

பதின்மூன்று வீட்டிலும் அன்று உலை கொதித்தது. உலகத்தில் நடக்காமல் போன ஒரு விபத்துக்குச் சிலை வைப்பாரில்லை. ஆனால் சிகாமணி தெருவில் நடக்கும்போது அவன் நடையே மாறிப்போயிற்று. “தில்லை புருசன்” என்று யாராவது சுட்டிக் காட்டினால் வேண்டுமென்றே மெதுவாக நடந்தான்.

விழா முடிந்த அன்று வீட்டில் அவள் பூவை எடுத்துவிட்டுத் தலையைக் கோதிக்கொண்டே சொன்னாள்: “ஒம்பது பேர்ல எட்டுதான் செவந்துச்சு. கவனிச்சீங்களா?”

“ஒருத்தரு காதுல விழலியோ?”

“நல்லா விழுந்துச்சு. இளம்பரிதி சார் எனக்குப் பக்கத்துல மூணடியில இருந்தாரு. திடுக்கிடல. ஏற்கெனவே தெரிஞ்சவருக்கு என்ன திடுக்கு?” அவள் குரலைத் தாழ்த்தினாள். “மொத அறிக்கை எழுதினதே அவருதாங்க. பதினோரு வருஷத்துக்கு முந்தி, மோதிரம் வராத காலம். தொட்டியோட பழைய கோப்புல இருக்கு. சின்ன இன்ஜினியரா இருந்தப்ப தொட்டி மேல அவரே ஏறி அளந்திருக்காரு.”

“அதை ஏன் மேடையில வாசிக்கல?” சிகாமணி கத்திவிட்டான். “ஊரறிய வாசிச்சிருக்கணும்!”

“வாசிச்சிருந்தா என்னாகும்? ‘ஆங், இவன்தான் கெட்டவன்’னு அவரைப் பிடிச்சு உள்ள போடுவாங்க. மத்த எட்டு பேரும் நிம்மதியா வீட்டுக்குப் போயி லட்டு தின்னுவாங்க. வாசிப்பறை அப்படியே இருக்கும். ஒருத்தன் தலையில எழுதிட்டா அதோட எல்லாருக்கும் பாவம் தீர்ந்துடும்ல? தீரக்கூடாது.”

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. அரசு அலுவலர்கள் வந்து மோதிரங்களைத் திறந்தார்கள். எட்டுப் பேருக்கும் எச்சரிக்கை. ஒன்பதாவது மோதிரத்தில் ஒன்றும் இல்லை. அப்பழுக்கில்லாதவர் என்று இளம்பரிதிக்குப் பதவி உயர்வு வந்தது. மூன்று ஆலைகளுக்கும் நிர்வாக இயக்குநரானார். ரகசியக் காப்பை மீறினாள் என்று தில்லைநாயகிமீது வழக்கு. ஊரிலுள்ள நிறுவனங்களெல்லாம் ஒரே மாதத்தில் சுற்றறிக்கை அனுப்பின: வாசிப்பாளர்களுக்கு இனி விழா கிடையாது, பொன்னாடை கூரியரில் வரும்.

ஆறு வருடம் அவள் கோர்ட்டுக்குப் போய் வந்தாள். வாய்தா நாளில் அபுபக்கர் குழு முறை வைத்துக்கொண்டு கூடப் போகும். “வருந்துகிறேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா, இன்னைக்கே முடிச்சிடலாம்” என்று நீதிபதியே ஒருமுறை இரங்கிச் சொன்னார். “எழுத வராதுங்க ஐயா, வாசிக்கத்தான் வரும்” என்றாள். கோர்ட்டே சிரித்தது. ஜெசிந்தாவும் வேறு ஆலைகளின் வாசிப்பாளர்கள் சிலரும் பின்வரிசையில் உட்கார்ந்து அவள் சொல்வதைக் குறித்துக்கொண்டார்கள்.

ஏழாம் வருடம் சிறுநீரகம் கெட்டு இருபது நாள் படுத்தாள். வழக்கு முடியவில்லை. அவள் முடிந்துபோனாள்.

சாமியானா போட்டு, தெருவே அடைபட்டுக் கூட்டம். பன்னிரண்டு பேரும் பிள்ளை குட்டிகளோடு வந்திருந்தார்கள். அருமைநாதனின் மூன்று வயது மகள் நாற்காலிகளுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்தாள். காலை பத்து மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவரைக் கண்டு கூட்டம் அமைதியானது. இளம்பரிதி மாலையை வைத்துவிட்டு, சிகாமணி உட்கார்ந்திருந்த அறைக்குள் வந்து, தரையிலேயே உட்கார்ந்தார். தலை நரைத்திருந்தது. விரலில் மோதிரம், பச்சை.

பிறகு மெதுவாகக் கேட்டார்: “என்னைப் பத்தி அவங்க ஏதாவது சொன்னதுண்டா சிகாமணி?”

“சொன்னா சார்.”

“என்ன சொன்னாங்க?”

“மொத அறிக்கை உங்களுதுன்னு சொன்னா.”

இளம்பரிதியின் முகம் அசையவில்லை. புள்ளியும் அசையவில்லை. இந்தப் பேச்சுக்கு அவர் ஏழு வருடமாகத் தயாராக இருந்திருக்க வேண்டும். “பின்ன ஏன் வாசிக்கல? பயமா?”

“அவளுக்கா?” சிகாமணிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. “ஒருத்தரைக் காட்டிக்குடுத்தா மத்தவங்க தப்பிச்சுப்பாங்கன்னா. அதுமட்டுமில்ல சார். ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப இன்னொண்ணு சொன்னா. ஏழு வருஷத்துல ஆயிரக்கணக்குல படிச்சேன், அதுல இருக்கறதுலயே நல்ல அறிக்கை அதுதான்னா. மத்தவங்கல்லாம் ‘கவனிக்கலாம்’, ‘பரிசீலிக்கலாம்’னு எழுதினாங்களாம். ‘கீழே மனிதர்கள் வேலை செய்கிறார்கள், உடனே நிறுத்துங்கள்’னு எழுதின ஆள் நீங்க ஒருத்தர்தானாம். ‘அந்த வரியை எழுதின புள்ளைய எங்கேயோ தொலைச்சிட்டாங்க பாருங்க’ன்னு சொல்லி வருத்தப்பட்டா.”

இளம்பரிதியின் முழங்கால்மேல் இருந்த கையில் ஒன்பதாவது மோதிரம் சிவந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். கழற்றினாலும் பயனில்லை என்பது இருவருக்கும் தெரியும். அவர் எழுதிய வரி, அவர் எழுதினார் என்ற சொல்லோடு, உள்ளே பூட்டிக்கொண்டுவிட்டது. அது வெளியே வந்தால் பதினோரு வருடத்துக் கையெழுத்துகளும் பின்னாலேயே வரும். வாசிப்பறை எதற்காக இருக்கிறது என்று கேட்க வேண்டிவரும்.

கைக்குட்டையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு காருக்குப் போயிருக்கலாம். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கமும் இல்லை. அவர் எழுந்தார், செருப்பை மாட்டினார், சாமியானாவுக்குள் நடந்து போனார். ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து, எல்லோருக்கும் தெரியும்படி கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். முதலில் ஜெசிந்தா பார்த்தாள். பிறகு அபுபக்கர். பிறகு ஒருவர் தோளை ஒருவர் தொட்டு, கூட்டம் முழுக்கப் பார்த்தது. அவர் கையை எடுக்கவில்லை.

பறை அடிப்பவர்கள் வந்துவிட்டார்களென்று யாரோ வந்து சொன்னார்கள். சிகாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, தன் மனைவியைத் தூக்க எழுந்து போனான்.